பொங்கல் அன்று ஒரு சல்யூட்!

பானை பொங்கும் தேதியில் பட்டாளத்தாருக்கும் விழா. எல்லை ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தேன்கனிக்கோட்டை, ஜன. 14–

விடியற்காலை ஐந்தரை மணி. பனி இன்னும் விலகவில்லை. ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிகிற நேரம். எந்தக் கம்பெனி வாசலைப் பார்த்தாலும் அங்கே ஒருவர் நிற்கிறார். தலையில் தொப்பி. முறுக்கிய மீசை. இஸ்திரி கலையாத சட்டை. முதுகு மட்டும் வளையவே இல்லை.

லாரி வந்தால் நம்பரைக் குறிக்கிறார். முதலாளி கார் வந்தால் விறைப்பாக ஒரு சல்யூட் வைக்கிறார். அந்த சல்யூட்டைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்: "இவரு சாதா வாட்ச்மேன் இல்லப்பா. மிலிட்டரிக்காரரு!"

ஆம்! நேற்று வரை நாட்டுக்குக் காவல். இன்று கம்பெனிக்குக் காவல்.

பொங்கலுக்கு ஊரே லீவு. பஸ்களில் நிற்க இடமில்லை. ஆனால் கேட்டுக்கு லீவு உண்டா? இல்லை. பண்டிகை நாளில் தான் அங்கே கண்டிப்பாக ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் இந்த 'மிலிட்டரிக்காரராகவே' இருந்து விடுகிறார்.

வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஜனவரி 14-ந் தேதி, அவருக்காகவே நாடு ஒதுக்கி வைத்த நாள்!

ஒரே தேதி... இரண்டு விழா!

ஜனவரி 14 முப்படைகளின் முன்னாள் வீரர்கள் தினம். 2016-ம் ஆண்டில் இருந்து இது கொண்டாடப்படுகிறது. டெல்லியிலும், படைப்பிரிவுகள் இருக்கும் பெரிய ஊர்களிலும் ஓய்வு பெற்ற வீரர்களை அழைத்து மரியாதை செய்கிறார்கள். நினைவுச் சின்னங்களில் மலர் வளையம் வைக்கிறார்கள். போரில் கணவனை இழந்த பெண்களைக் கௌரவிக்கிறார்கள்.

மறுநாள் ஜனவரி 15. அது ராணுவ தினம்.

இந்த இரண்டு தேதியையும் தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்க முடியுமா? 14-ந் தேதி போகியானால் 15-ந் தேதி பொங்கல். 14-ந் தேதி பொங்கலானால் 15-ந் தேதி மாட்டுப் பொங்கல். எப்படிப் போட்டாலும் இரண்டும் பொங்கலுக்குள் வந்து விழும்.

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம், அஞ்செட்டி பக்கத்தில் இந்தப் பண்டிகைக்குத் தனி மணம் உண்டு. தமிழ் பேசும் வீட்டில் பொங்கல். தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டில் சங்கராந்தி. ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல் கிளறினால், அடுத்த வீட்டில் எள்ளும் வெல்லமும் கலந்து தட்டில் வைத்து நீட்டுவார்கள். உருது பேசும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பங்கு போகும். அவரைக்காய் சீசன் வேறு. பிறகு எருது விடும் விழா. காளைக்கு வர்ணம் பூசி, கொம்புக்குத் தட்டி கட்டி, ஊரே தெருவில் நிற்கும்.

மாட்டுக்கு மரியாதை. மண்ணுக்கு மரியாதை. சூரியனுக்கு மரியாதை. 'எல்லையில் பனியில் நின்ற மனுஷனுக்கு?' என்று ஒரு கேள்வி எழுந்தால் அதில் தப்பு உண்டா?

குடகு தந்த தளபதி

ஏன் ஜனவரி 14? அதற்கு ஒரு கதை உண்டு. கதாநாயகர் பக்கத்து மாநிலத்துக்காரர்.

கர்நாடகத்தில் உள்ள குடகுப் பகுதியைச் சேர்ந்தவர் கே.எம்.கரியப்பா. வெள்ளைக்காரர் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் ராணுவத் தலைமையில் ஆங்கிலேய ஜெனரலே இருந்தார். 1949-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி ஜெனரல் ராய் புச்சரிடம் இருந்து கரியப்பா அந்தப் பொறுப்பை வாங்கிக் கொண்டார். இந்திய ராணுவத்துக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதி அவர் தான். அதனால் ஜனவரி 15 ராணுவ தினம் ஆயிற்று.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1953-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி அவர் ஓய்வு பெற்றார். தளபதியே 'முன்னாள் ராணுவத்தார்' ஆன நாள் அது. அதனால் அந்தத் தேதி, ஓய்வு பெற்ற எல்லோருக்கும் உரிய நாளாகத் தேர்ந்து எடுக்கப்பட்டது.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பழைய சிப்பாய்களின் நலனுக்காக 1964-ல் முன்னாள் படைவீரர் சங்கத்தை அகில இந்திய அளவில் தொடங்கினார். 1986-ல் அவருக்கு 'பீல்டு மார்ஷல்' பட்டம் கிடைத்தது. 1993-ல் பெங்களூரில் காலமானார்.

அவரைப் பற்றி ராணுவத்தில் இன்றும் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு.

1965-ம் ஆண்டுப் போர். கரியப்பாவின் மகன் விமானப்படையில் விமானி. அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அவர் பாகிஸ்தானில் சிறைப்பட்டார். பாகிஸ்தான் அதிபராக இருந்த அயூப்கான், பிரிவினைக்கு முன் கரியப்பாவோடு ஒரே ராணுவத்தில் இருந்தவர். "மகனை விட்டு விடட்டுமா?" என்று கேட்டு அனுப்பினார். அப்பா என்ன சொன்னார்? சிறையில் இருக்கும் எல்லா வீரர்களும் தன் பிள்ளைகளே, தன் மகனுக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று சொல்லி விட்டார். போர் முடிந்து மற்ற கைதிகளை விட்டபோது தான் மகனும் வீடு வந்து சேர்ந்தார்.

கதை கேட்டால் மெய் சிலிர்க்கிறது அல்லவா?

தொரப்பள்ளிக்கும் பங்கு உண்டு

கரியப்பா குடகுக்காரர். சரி. ஓசூர்க்காரர்களுக்கும் இதில் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி பிறந்தவர் ராஜாஜி. கரியப்பா தளபதிப் பொறுப்பை ஏற்ற 1949 ஜனவரியில், இந்தியாவின் கவர்னர் ஜெனரல் யார்? இந்தத் தொரப்பள்ளிக்காரர் தான்! கரியப்பா ஓய்வு பெற்ற 1953 ஜனவரியில் அவர் சென்னை மாநில முதல்-அமைச்சர்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர். இந்தப் பக்கம் ஒருவர். மாநில எல்லை இங்கே சோதனைச் சாவடியோடு சரி!

இந்த மண்ணுக்கும் ராணுவத்துக்கும் உறவு புதிதும் அல்ல. ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகள் மைசூர்ப் போர்களில் பீரங்கிச் சத்தம் கேட்டவை. 1791-ல் காரன்வாலிஸ் படை இந்தப் பக்கம் வந்து ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கிறதே, அது வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்துக் கொடுத்த இடம்.

பெங்களூர் 'தம்பிகள்'

இந்த ஊர்ப் பையன்களுக்குப் பட்டாளம் என்றால் முதலில் ஞாபகம் வருவது பெங்களூர் தான். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப் முகாம். சுருக்கமாக 'எம்.இ.ஜி.' 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு அது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. ராணுவம் முழுவதிலும் இவர்களுக்கு ஒரே செல்லப் பெயர்: 'தம்பி!'

இந்தத் 'தம்பி'களில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன் என்ற தமிழர். 1944-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, இரண்டாம் உலகப்போரின் போது, இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றிக் கொண்டிருந்தார்கள். கூட வந்தவர் மிதித்ததில் ஒரு வெடி கிளம்பியது. கண் மூடித் திறக்கும் நேரம் தான். சுப்பிரமணியன் அதன் மேல் தன் உடம்பைப் போட்டு மூடிக் கொண்டார். அவர் உயிர் போனது. சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு 'ஜார்ஜ் கிராஸ்' பதக்கம் வழங்கப்பட்டது.

ராணுவ தின அணிவகுப்பு பல ஆண்டுகளாக டெல்லியில் தான் நடந்து வந்தது. 2023-ல் முதல் தடவையாக அதை டெல்லிக்கு வெளியே கொண்டு வந்தார்கள். எங்கே? இதே எம்.இ.ஜி. மைதானத்துக்கு! தேன்கனிக்கோட்டையில் பஸ் ஏறினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

"மிலிட்டரி வீடு எது?"

எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். டீக்கடையில் விசாரித்தால் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "அதோ, வேப்ப மரத்துக்குப் பக்கத்துல, மிலிட்டரிக்காரர் வீடு" என்று கை காட்டுவார்கள்.

உள்ளே போனால் கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. மேலே வெள்ளைப் பெயிண்டில் நம்பர், பெயர். பெட்டிக்குள் கம்பளிச் சட்டை ஒன்று, டிஸ்சார்ஜ் புத்தகம், பென்சன் ஆர்டர், துணியில் சுற்றிய பதக்கங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியைத் தொடத் தடை!

1971-ல் கிழக்கு எல்லையில் சண்டை போட்டவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டி விட்டார்கள். பதின்மூன்று நாள் போர். டிசம்பர் 16-ந் தேதி டாக்காவில் 93 ஆயிரம் பேர் சரண் அடைந்தார்கள். 1999-ல் கார்கில். பனிமலையில் நடந்த அந்தச் சண்டையில் 527 இந்திய வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் அவர்களில் ஒருவர். கார்கிலில் நின்ற இளைஞர்களே இன்று நடுவயதைக் கடந்து, பென்சன்காரர்கள் ஆகி விட்டார்கள்.

இவர்களிடம் "சண்டையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துக் கொண்டே பேச்சை மாற்றி விடுவார்கள். குளிர் எப்படி இருந்தது, லீவு கிடைக்காமல் போன தீபாவளி எத்தனை, ரெயிலில் மூன்று நாள் நின்று கொண்டே வந்தது... இதைத் தான் சொல்வார்கள்.

ஒரு வீட்டுக்கு எத்தனை பொங்கல் 'அப்பா இல்லாப் பொங்கல்' ஆகப் போயிருக்கும்! அந்தக் கணக்கு எந்த டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் இல்லை. அது அம்மாக்களுக்குத் தான் தெரியும்.

நாற்பதில் ஓய்வு

ஆபீஸ் குமாஸ்தா ஐம்பத்தெட்டு, அறுபது வயதில் ஓய்வு பெறுகிறார். பிள்ளைகள் படிப்பு முடிந்திருக்கும். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். சிப்பாய்க்கு அப்படி இல்லை. பதினெட்டு, இருபதில் சேர்ந்து, முப்பத்தைந்து, நாற்பதில் வெளியே வந்து விடுகிறார். பென்சன் வாங்கக் குறைந்தது பதினைந்து வருட சர்வீஸ் வேண்டும்.

நாற்பது வயதில் ஊர் திரும்பினால் பையன் ஏழாம் வகுப்பு. வீடு பாதி கட்டி நிற்கும். நிலம் மானாவாரி. மழை வந்தால் ராகி. ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் என்றால் ராத்திரியில் யானை வேறு வந்து போகும். என்ன செய்வார்? மறுபடியும் யூனிபாரம் மாட்டிக் கொள்கிறார். பச்சைக்குப் பதில் நீலம். துப்பாக்கிக்குப் பதில் விசில்!

இப்படி வெளியே வருபவர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1986-ல் 'டெக்ஸ்கோ' என்ற முன்னாள் படைவீரர் கழகத்தைத் தொடங்கியது. அதன் மூலம் அரசு நிறுவனங்களுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் காவலர்கள் போகிறார்கள். சொந்தத் தொழில் தொடங்க விரும்பும் முன்னாள் வீரர்களுக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 சதவீதம் மானியம் என்று 2024 சுதந்திர தினத்தன்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 'காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தார்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2022-ல் 'அக்னிபத்' திட்டம் வந்தது. சேருகிற இளைஞர்களுக்கு நான்கு வருடம் தான் பணி. நான்கில் ஒருவருக்கு மட்டும் தொடர வாய்ப்பு. மற்ற மூன்று பேர் இருபதுகளிலேயே ஊர் திரும்ப வேண்டியது தான். கையில் ஒரு மொத்தத் தொகை இருக்கும். பென்சன் இருக்காது. 'முன்னாள் வீரர்' என்றால் நரைத்த மீசைக்காரர் என்று நினைத்த காலம் போகப் போகிறது!

பாட்டியின் கைரேகை

விழாவில் பொன்னாடை போடுகிறார்கள். படம் எடுக்கிறார்கள். நல்லது தான். ஆனால் முன்னாள் வீரர் குடும்பங்களின் உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது.

வருடத்துக்கு ஒரு தடவை 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று பென்சன்காரர் நிரூபிக்க வேண்டும். இதற்குப் பெயர் ஆயுள் சான்று. முன்பு பாங்குக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். 2014-ல் கைரேகை வைத்துக் கொடுக்கும் மின்னணு முறை வந்தது. 2021-ல் இருந்து ராணுவ பென்சன் 'ஸ்பர்ஷ்' என்ற கம்ப்யூட்டர் திட்டத்துக்கு மாறத் தொடங்கியது.

வேலை சுலபமாகி விட்டது என்கிறார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பேரன் வீட்டில் இருந்தால் சுலபம் தான். தனியாக இருக்கும் பாட்டிக்கு?

களி கிண்டிக் கிண்டித் தேய்ந்த விரல். மெஷின் ரேகையைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஆதாரில் ஒரு பெயர், ராணுவ ரிக்கார்டில் வேறு எழுத்து. 'முனியம்மா' ஒரு இடத்தில், 'முனியம்மாள்' இன்னொரு இடத்தில். ஒரு எழுத்துக்காக எத்தனை நடை!

இது சின்ன விஷயம் அல்ல. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாத பென்சன் பலருக்கு வரவில்லை. நாடு முழுவதும் பெரிய கூச்சல். வருடாந்தர அடையாளச் சான்று பதிவாகாததால் 58 ஆயிரத்து 275 பேருக்குப் பணம் போகவில்லை என்று ராணுவ அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. பிறகு மே 25 வரை அவகாசம் கொடுத்து, நிறுத்திய பென்சனை வழங்கினார்கள்.

ஐம்பத்தெட்டாயிரம் வீட்டில் அடுப்பு என்ன பாடுபட்டிருக்கும்!

அதனால் தான் விவரம் தெரிந்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள். "விழா நடத்துங்க. மேடையும் போடுங்க. அதே பந்தல்ல ஒரு மூலையில ஒரு கம்ப்யூட்டரும் நாலு படிச்ச பசங்களும் உக்காரட்டும். வர்ற பாட்டிங்களுக்குப் பேப்பர் வேலையை முடிச்சுக் குடுங்க. அதுதான்யா உண்மையான பொன்னாடை!"

நியாயமான பேச்சு.

தெரியாமல் போகும் சலுகைகள்

ஒரே பதவியில், ஒரே அளவு சர்வீஸ் போட்டவர்கள் எந்த வருடம் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பென்சன் வாங்க வேண்டும். இது தான் 'ஒரே பதவி, ஒரே பென்சன்' திட்டம். பழைய வீரர்கள் டெல்லியில் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு, 2015-ல் அரசு உத்தரவு வந்தது. 2014 ஜூலை முதல் அமல். ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திருத்த வேண்டும்.

வைத்தியச் செலவுக்கு 2003-ல் தொடங்கிய முன்னாள் வீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித் தொகை இருக்கிறது. 2019-ல் அதைப் பையன்களுக்கு மாதம் 2,500 ரூபாய், பெண்களுக்கு 3,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள். வருடா வருடம் மனுப்போட வேண்டும். தேதி போனால் போனது தான்.

இதை எல்லாம் கேட்டுத் தெரிந்து கொள்ள கிருஷ்ணகிரியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. முன்னாள் வீரர்களுக்கென்று கலெக்டர் ஆபீசில் தனியாகக் குறை தீர்க்கும் நாளும் நடத்துகிறார்கள். ஆனால் அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம், மலையடிவார ஊரில் இருக்கும் ஒருவர் பஸ் மாறி பஸ் மாறி கிருஷ்ணகிரி போய்த் திரும்ப ஒரு நாள் கூலி போய் விடும்.

ஊருக்கே ஆள் வந்தால்? விழா நாளில் வந்தால்?

வேலூர் மணிக்கூண்டு

வீரர்களை எப்படி ஞாபகம் வைத்துக் கொள்வது என்பதை வேலூர்க்காரர்களிடம் கேட்க வேண்டும். லாங்கு பஜார் பக்கம் போனவர்கள் அங்கே உள்ள மணிக்கூண்டைப் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு கல்வெட்டு. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போருக்கு இந்த ஊரில் இருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை என்ற கணக்கு அதில் இருக்கிறது.

அந்தப் போருக்கு இந்தியாவில் இருந்து போனவர்கள் சுமார் 13 லட்சம் பேர். செத்தவர்கள் 74 ஆயிரத்துக்கும் குறையாது. அந்தப் பெரிய கணக்கில் ஓர் ஊர் தன் பங்கைப் பிரித்து எழுதி வைத்திருக்கிறது. காய்கறி வாங்க வருகிறவனும் நிமிர்ந்து பார்க்கலாம்!

வேலூர் மாவட்டத்திலேயே கம்மவான்பேட்டை என்று ஒரு கிராமம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். அதனால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வந்து விட்டது.

குடகில் என்ன செய்தார்கள்? அங்கே பிறந்த இன்னொரு தளபதி ஜெனரல் திம்மையா. மடிக்கேரியில் அவர் வாழ்ந்த 'சன்னி சைடு' வீட்டையே மியூசியம் ஆக்கி விட்டார்கள். 2021 பிப்ரவரியில் அப்போதைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் வந்து திறந்து வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள்.

தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோவில் தேர் என்றால் சுற்று வட்டாரமே திரளும். தர்கா விழா என்றால் எல்லா பாஷைக்காரரும் வருவார்கள். கூட்டம் சேர்ப்பது இந்த ஊருக்குப் புதிது அல்ல. தாலுகாவில் இருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் யார், யார்? எந்த வருடம் போனார்கள்? யார் திரும்பவில்லை? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத உட்கார்ந்தால் பள்ளிக்கூடப் பையன்களே வீடு வீடாகப் போய் ஒரு பொங்கல் லீவில் முடித்து விடலாம். எழுபது வயது தாண்டியவர்கள் இருக்கும் போதே கேட்டு எழுதினால் தான் உண்டு.

மூன்று நிறக் குட்டிக் கொடி

மக்களுக்குத் தெரிந்த ஒரே 'பட்டாள நாள்' கொடி நாள். டிசம்பர் 7-ந் தேதி. 1949-ல் இருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னக் காகிதக் கொடியைக் கொடுத்துக் காசு வாங்குவார்கள். சட்டைப் பையில் குத்திக் கொண்டு வீட்டுக்குப் போவோர் பலருக்கு அது எதற்கு என்றே தெரியாது!

அந்தக் கொடியில் சிவப்பு தரைப்படைக்கு. கருநீலம் கடற்படைக்கு. வெளிர்நீலம் விமானப்படைக்கு. சேருகிற பணம் போரில் இறந்தவர் குடும்பம், ஊனமுற்ற வீரர், ஓய்வு பெற்றவர்களின் நலனுக்குப் போகிறது. அன்று மாவட்டத் தலைநகரில் கலெக்டர் முன்னாள் வீரர்களுக்குத் தேநீர் விருந்து கொடுத்து, உதவித் தொகைகளை வழங்குவார்.

கொடி நாளில் பணம் கொடுக்கிறோம். ஜனவரி 14-ல் மனதைக் கொடுக்க வேண்டும்.

செலவு ஒன்றும் பெரிதல்ல

இதற்கு லட்சக்கணக்கில் வசூல் வேண்டாம். நோட்டீஸ் அடிக்க வேண்டாம்.

தெருவில் பொதுப் பொங்கல் வைக்கிறார்களா? முதல் அரிசியைப் பானையில் போட அந்தத் தெருவின் பழைய சிப்பாயை அழைக்கலாம். கோலப்போட்டி, உறியடி நடக்கிறதா? பரிசு கொடுக்க அவரைக் கூப்பிடலாம். "பதக்கம் போட்டுக்கிட்டு வாங்க மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டிரங்குப் பெட்டி திறக்கும்!

கணவனைப் போரில் இழந்த பெண் இருந்தால், அவரை ஓரமாக நிற்க வைக்காமல் முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். மங்கல காரியம் என்று ஒதுக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. நாட்டுக்காகத் தாலியைக் கொடுத்தவளை ஒதுக்கலாமா?

கடைக்காரர்கள் கல்லாவுக்கு அருகில் "இன்று முன்னாள் படைவீரர் தினம்" என்று ஒரு அட்டை எழுதி மாட்டலாம். கம்பெனிக்காரர்கள் அந்த ஒரு நாள், கேட்டில் நிற்பவருக்கு லீவு கொடுக்கலாம். கொடுக்க முடியாத இடத்தில், உள்ளே பொங்கல் வைத்த கிண்ணம் முதலில் கேட்டுக்குப் போகலாம்.

நாலு பாஷை பேசும் ஊர் இது. பட்டாளமும் அப்படித் தான். பக்கத்துக் கட்டிலில் பஞ்சாபி, எதிர்க் கட்டிலில் மலையாளி, மெஸ்ஸில் கூர்க்கா. "நம்ம பக்கத்துப் பசங்களுக்கு இந்தி சீக்கிரம் வந்துடும் சார். சின்னதுல இருந்தே நாலு பாஷை காதுல விழுந்த பசங்க" என்று பழைய ஹவில்தார்கள் பெருமை அடிப்பது உண்டு. எள்ளு வெல்லம் நீட்டுகிற வீடும், பொங்கல் கிளறுகிற வீடும், பிரியாணி அனுப்புகிற வீடும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில் இந்த விழா நன்றாகவே பொருந்தும்.

ஆறு மணி

சிப்காட் கேட்டில் ஆறு மணி அடிக்கிறது. அடுத்த ஷிப்டு ஆள் வந்து விட்டார். இரவு முழுக்க நின்றவர் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டு, டார்ச் லைட்டை ஒப்படைக்கிறார். மப்ளரைக் கழுத்தில் சுற்றிக் கொண்டு தேன்கனிக்கோட்டை பஸ்ஸுக்கு நடக்கிறார். மூக்கில் போகிப் புகை வாசனை. எங்கோ பறைச் சத்தம்.

பஸ்ஸில் கூட்டம் நெரிகிறது. கரும்புக் கட்டோடு ஒருவர். மஞ்சள் கொத்தோடு இன்னொருவர். உட்கார்ந்திருக்கும் ஒரு இளைஞன் எழுந்து, "உக்காருங்கய்யா. ராத்திரி டூட்டியா?" என்று கேட்டால் அவர் சிரித்துக் கொண்டே, "பழகிப் போச்சு தம்பி" என்பார். எந்த டூட்டியைச் சொல்கிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டியது தான். ஊர் வந்து சேருவதற்குள் ஒரு கதை கிடைக்கும்.